பெரிய மிஸ்ஸியின் கார் நின்ற காரணம்

ஒரே காரை நான் ஐந்து வாரத்தில் நான்கு முறை பழுது பார்த்திருக்கிறேன். நான்கு முறையும் அது மறுபடி நின்றது. முதலில் வந்த பழுது மட்டும்தான் காருடையது. அதற்குப் பிறகு வந்த பழுதுகளெல்லாம் நான் உண்டாக்கியவை. காலையில் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, முழுக் கவனத்தோடு உண்டாக்கியவை.

கார் மின்சார வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமார்கள் இதைப் படித்துவிட்டு, இந்த ஆளிடமா நாம் ஆலோசனை கேட்பது என்று நினைக்கலாம். நியாயம்தான். ஆனால் சரியாகச் செய்த வேலைகளைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. சரியாகச் செய்த வேலை ஓடிப்போய்விடுகிறது; திரும்பி வருவதில்லை. திரும்பி வந்தவைதான் நினைவில் நிற்கின்றன.

கடையை மூடி இரண்டு வருடம் ஆகிறது. எனக்கு வயது ஐம்பத்திரண்டுதான். ஓய்வு கேட்டது என் முதுகு. இருபத்து மூன்று வருடம் பானெட்டுக்குள் தலைகுனிந்து நின்றதில், இப்போது நிமிர்ந்து நின்றாலும் யாரிடமோ மன்னிப்புக் கேட்பவன் போலத்தான் தெரிகிறேன். இந்தக் கதையைக் கேட்ட பிறகு, யாரிடம் என்று உங்களுக்குப் புரியும்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த அந்த ஆண்டில்தான் மலாக்காவின் காஜா பெராங்கில் கடை திறந்தேன். இப்போது உங்களுக்கு ஆல்டர்னேட்டர் இருக்கிறது. கார் நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருந்தாலே அது பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டிவிடும். எங்களுக்கு டைனமோ. கார் வேகமெடுத்தால்தான் வேலை செய்வேன் என்று பிடிவாதம் பிடிக்கும். அதற்குக் கண்காணிப்பாளராக ரெகுலேட்டர் என்று ஒரு சின்னப் பெட்டி. பேட்டரி பசியாக இருந்தால் கொடு, நிறைந்துவிட்டால் நிறுத்து என்று சொல்வது அதன் உத்தியோகம். இந்த மூன்றும் ஒன்றையொன்று நம்பி வாழ வேண்டும். ஒரு கூட்டுக் குடும்பத்தில் எங்கே கோளாறு என்று கண்டுபிடிப்பது எவ்வளவு சுலபமோ, அவ்வளவு சுலபம் எங்கள் வேலையும்.

அப்போது நான் நிறையப் படிப்பேன். டைனமோவைப் பற்றி ஒரு ஆங்கிலப் புத்தகத்தை அகராதியை வைத்துக்கொண்டு அட்டை முதல் அட்டை வரை முடித்திருந்தேன். ஸ்பானர் இருந்த இழுப்பறையில் எப்போதும் இரண்டு துப்பறியும் நாவல்கள் கிடக்கும். ஆகவே கோளாறு என்று ஒன்று வந்தால், அது எனக்குத் தெரிந்த கோளாறாகத்தான் இருக்க வேண்டும் என்ற நம்பிக்கை இருந்தது. இருபத்தேழு வயதில் அது ஒரு வியாதி. தானாகச் சரியாகாது.

பெரிய மிஸ்ஸி என்று எங்கள் பகுதியில் எல்லோரும் அழைத்தது ஒரு மருத்துவச்சியை. அரசாங்க ஆஸ்பத்திரியில் வெகு காலம் வேலை செய்துவிட்டு, பிறகு தனியாகப் பிரசவம் பார்க்க ஆரம்பித்தவர். ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சேலை, நெஞ்சில் ஊக்கு குத்தித் தொங்கவிட்ட கடிகாரம், ஆமை ஓட்டைப் போல முதுகு வளைந்த சாம்பல் நிறச் சின்னக் கார். அந்தக் காரை அவரே ஓட்டுவார். மலாக்காவில் அப்போது கார் ஓட்டிய தமிழ்ப் பெண்களை எண்ண ஒரு கையே அதிகம். சாவியை வேறு யாரிடமும் கொடுக்க மாட்டார். கடையில் பழுதுக்கு விட்டால்கூட, உள்ளே ஏற்றி நிறுத்துவதும் வெளியே எடுப்பதும் அவர்தான்.

முதல் தடவை வந்தபோது பழுது மிகச் சாதாரணம். பேட்டரிக்கு வயதாகிவிட்டது. புதியது ஒன்றை மாட்டினேன். பத்தாம் நாள் மிஸ்ஸி வந்தார்.

“தம்பி, காடி காலையில முக்கிச்சு, மொனகிச்சு, அப்புறம் படுத்துக்கிச்சு.”

இங்கே நாங்கள் காரைக் காடி என்றுதான் சொல்வோம். பேட்டரியைக் கழற்றிச் சோதித்தேன். பாதிக்கு மேல் காலி. அப்படியானால் டைனமோ ஊட்டவில்லை. டைனமோவின் கரித்துண்டுகளை மாற்றினேன். பேட்டரியை ஒரு நாள் முழுக்கச் சார்ஜ் ஏற்றி மாட்டினேன். எட்டு நாள் ஓடியது. மறுபடி நின்றது. இந்த முறை பேட்டரியைக் கழற்றும் முன்பே அளவு பார்க்கும் மீட்டரை இணைத்து எஞ்சினை ஓட்டிப் பார்த்தேன். முள் கொஞ்சம் எழுந்து, உடனே சாய்ந்தது. பேட்டரி நிறைந்துவிட்டது, இனி வேண்டாம் என்று ரெகுலேட்டர் சொல்கிறது. பேட்டரியோ பட்டினி. ரெகுலேட்டர் பொய் சொல்கிறது என்று முடிவு செய்து அதை மாற்றினேன். எட்டு நாள். மறுபடி நின்றது.

“ஹெட்லைட் பல்பும் ரெண்டு தடவ கருகிப்போச்சு தம்பி. அதையும் பாரு” என்றார் மிஸ்ஸி.

பல்பை மாற்றினேன். ஏன் கருகியது என்று கேட்டுக்கொள்ளவில்லை. பட்டினி கிடக்கும் காரில் பல்பு மட்டும் எப்படி அஜீரணத்தில் செத்துப்போகும் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. நான் யோசிக்கவில்லை, டைனமோவையே முழுதாக மாற்றினேன். மிஸ்ஸி ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பிரசவ வலியில் கத்துகிறவர்களையே பார்த்துப் பழகியவர். என்னைப் போன்றவர்கள் கத்த வேண்டிய நேரம் வரும் என்று காத்திருந்தார் போலும்.

அந்த நேரம் ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தது.

தெருமுனையிலிருந்தே யாரோ மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது. மிஸ்ஸி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருக்க, பக்கத்து டயர் கடைச் சீன முதலாளி, எங்கள் தவுக்கே, பனியனோடு பின்னாலிருந்து காரைத் தள்ளிக்கொண்டு வந்தார். இந்தத் தவுக்கே நல்ல பருமன். தள்ளுவதற்கு ஆள் வேண்டுமென்றால் தெருவில் எல்லோரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கார் என் கடை வாசலில் நின்றது. மிஸ்ஸி இறங்கினார். இடது மணிக்கட்டில் கனமான கட்டு.

“என்ன மிஸ்ஸி, கையில?”

“நேத்து சாயங்காலம் ஹேண்டில் அடிச்சேன். திருப்பி அடிச்சிருச்சு.”

உங்களில் பலர் அந்த ஹேண்டிலைப் பார்த்திருக்க மாட்டீர்கள். பேட்டரி கைவிட்டால், காரின் முகத்தில் ஓர் இரும்புக் கம்பியைச் செருகிக் கையால் சுற்றி எஞ்சினை எழுப்ப வேண்டும். சில சமயம் எஞ்சின் எரிச்சலோடு எழுந்து கம்பியை எதிர்ப்பக்கம் வீசும். மணிக்கட்டு உடைந்தவர்கள் உண்டு.

“இடது கையாலயா சுத்தினீங்க?”

“வலது கைய நம்பித்தான் பதினாலு பொம்பளைங்க நாள் எண்ணிக்கிட்டு இருக்காங்க. அதக் கொண்டுபோய் உன் காடிகிட்ட குடுக்கச் சொல்றியா?”

உன் காடி என்றார். அதைக் கவனித்தேன்.

அதற்குள் ஒரு சைக்கிள் வந்து நின்றது. வந்தவர் கடலோர உஜோங் பாசிரில் இருக்கும் லாரி ஓட்டுநர். மனைவிக்கு வலி கண்டுவிட்டது. மிஸ்ஸி வீட்டுக்குப் போய், அங்கே சொன்னதைக் கேட்டு இங்கே வந்திருக்கிறார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“எப்ப ஆரம்பிச்சுச்சு?” என்றார் மிஸ்ஸி.

“விடிகாலைலயே லேசா இருந்துச்சாம் மிஸ்ஸி. எங்கிட்ட சொல்லல. இப்ப தாங்க முடியல.”

மிஸ்ஸி என் பக்கம் திரும்பினார். “இவ முதல் பிள்ளை குறுக்க கிடந்து, நான் கை போட்டுத் திருப்பின கேஸு. நீங்க தள்ளிவிட்டா ஓட்டிக்கிட்டுப் போயிருவேன். நடு ரோட்ல நின்னா? கடலோரத்துல யாரு வந்து தள்ளுவா?” நெஞ்சிலிருந்த கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். “டாக்சிக்கு டவுனுக்கு ஆளனுப்பி அது வர்றதுக்குள்ள பிள்ளை பொறந்துரும். மூணு சக்கரப் பெச்சாவுல மிதிச்சுக்கிட்டுப் போனாலும் அதே கதைதான். அஞ்சு நிமிஷம் தர்றேன். காடி வழியில நிக்காதுன்னு நீ சொல்லணும். சொல்ல முடியாட்டி, முடியாதுன்னு சொல்லு.”

தம்பிமார்களே, நம் தொழிலில் மிகக் கடினமான வாக்கியம் அந்த இரண்டாவதுதான். எனக்கும் அது வாயில் வரவில்லை. அதற்குப் பதிலாகக் கையை நீட்டினேன். பெஞ்சில் வேறொரு வாடிக்கையாளருக்காகச் சார்ஜ் ஏற்றித் தயாராக வைத்திருந்த பேட்டரி இருந்தது. அதைத் தூக்கி மாட்டிவிட்டால் இப்போதைக்குக் கார் கிளம்பும். தூக்கியும் விட்டேன்.

தவுக்கே வாசலில் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து, அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். எங்கள் இருவருக்கும் பொதுவான பாஷை பாசார் மலாய் என்ற கடைத்தெரு மலாய். அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன், நஷ்டம் அவருக்கு.

“இந்த மாசம் நான் ஏழு காடி தள்ளிட்டேன். எல்லாம் உன் கடையில பேட்டரி பார்த்த காடி.”

“தவுக்கே, இப்ப வேண்டாம்.”

“ஏழும் உங்க ஆளுங்க காடி லா. நெத்தியில சாம்பல் பூசறவங்க. எங்க ஆளுங்க காடி ஒண்ணுகூடத் தள்ளல. அந்த ஹாஜி டாக்சிக்கும் நீதானே பேட்டரி போட்டே? தினம் தம்பின் டவுனுக்குப் போகுது, வருது. உங்க சாமிக்கு உங்க மேல என்னா கோவம்?”

சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வரவில்லை. ஹாஜிக்கு மாட்டியதும் மிஸ்ஸிக்கு மாட்டியதும் ஒரே லாரியில் வந்திறங்கிய பேட்டரிகள். ஒரே அமிலம். ஒரே கை. காரின் இரும்புக்கு, ஓட்டுகிறவர் எந்தக் கோவிலுக்குப் போகிறார் என்று தெரியாது. அப்படியானால் வித்தியாசம் காரில் இல்லை. நான் ஏதோ வித்தியாசமாகச் செய்திருக்கிறேன்.

குனிந்து பார்த்தேன். என் கைகளில் இருந்த பேட்டரி என்னைப் பார்த்தது. அதன் இரண்டு ஈயத் தலைகளிலும் பொட்டு.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கடை திறந்த புதிதில், வேலை முடிந்த நம்மவர் கார்களுக்கு பானெட்டில் சந்தனம், குங்குமம் வைத்து அனுப்புவேன். ஒருவர், பெயின்ட் கறையாகிறது என்று முகம் சுளித்தார். வெளியே தெரியாத இடமாக வைக்கலாமே என்று தோன்றியது. பேட்டரிக்கு இரண்டு தலைகள் இருக்கின்றன. பாசிட்டிவ் தலைக்குச் சிவப்பு அடையாளம் போடுவது உலக வழக்கம். ஆகவே பாசிட்டிவுக்குக் குங்குமம், நெகட்டிவுக்குச் சந்தனம். பக்தியையும் விஞ்ஞானத்தையும் ஒரே விரலால் இணைத்துவிட்டதாக எனக்கு ஏக மகிழ்ச்சி. காலையில் முதல் வேலையாகக் குளித்துவிட்டு வந்து, சார்ஜ் ஏற்றிய பேட்டரிக்குத் தாராளமாகக் குழைத்து அப்பி, அதன் மேலேயே மின்கம்பியின் கிளாம்பை வைத்து முடுக்குவேன். மலாய்க்காரர், சீனர் கார்களுக்கு அவரவர் நம்பிக்கைக்கு மரியாதை கொடுத்து வைக்க மாட்டேன். அந்த மரியாதையால்தான் அவர்கள் பிழைத்தார்கள்.

பேட்டரியைப் பெஞ்சில் இறக்கினேன். மிஸ்ஸியின் காரிடம் போனேன். பழக்கத்தில் கை வெந்நீர்க் கெட்டிலைத் தூக்கியது. பேட்டரித் தலையில் எப்போதும் பச்சையும் வெள்ளையுமாக ஏதாவது பூத்திருக்கும். கழற்றுவதற்கு முன் வெந்நீர் ஊற்றிக் கழுவுவது எங்கள் முறை. முந்தைய எல்லா முறையும் அப்படித்தான் கழுவினேன். துப்பறியும் நாவல் படிக்கிறவன், கொலை நடந்த அறையை முதலில் பெருக்கித் துடைத்துவிட்டு, பிறகு பூதக்கண்ணாடியை எடுத்திருக்கிறான். கெட்டிலைக் கீழே வைத்தேன்.

இரண்டு கிளாம்புகளையும் உலர்ந்தபடியே கழற்றினேன். உள்பக்கம் முழுக்க வண்டல் போல ஏதோ காய்ந்து, கிண்ணத்தின் உள்ளே இன்னொரு கிண்ணமாக உட்கார்ந்திருந்தது. ஆனால் இரண்டிலும் நிறம் மஞ்சள். குங்குமம் சிவப்பல்லவா? ஒரு நொடி எனக்கு உயிர் வந்தது. ஒருவேளை குற்றவாளி நானில்லை.

மிஸ்ஸி பக்கத்தில் வந்து நின்றார். வலது கையால் ஒரு கிளாம்பை வாங்கிச் சுரண்டினார், மூக்கருகே கொண்டுபோனார். மற்றதையும் வாங்கி முகர்ந்தார்.

“இது சந்தனம். அது குங்குமம்.”

“குங்குமம் சிவப்பா இருக்கணுமே மிஸ்ஸி.”

“மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா சிவப்பு. அதுல அமிலம் பட்டா மறுபடி மஞ்சள். இது தெரிய பேட்டரி படிக்க வேணாம், ஆரத்தி கரைச்சாப் போதும்.” அவர் கண் பெஞ்சுக்குப் போனது. அங்கே அடுத்த பலி, பொட்டும் தானுமாக உட்கார்ந்திருந்தது. “அதுக்கு யாரு வச்சது?”

“நான்தான் மிஸ்ஸி.”

“எனக்கும் நீதானா?”

“ஆமா.”

கடிகாரத்தைப் பார்த்தார். “ரெண்டு நிமிஷம் இருக்கு.”

நான் பட்ட அவமானங்களில் இவ்வளவு சிக்கனமாக நடந்தது வேறில்லை. கத்தியை எடுத்து இரண்டு தலைகளையும் கிளாம்புகளின் உள்பக்கத்தையும் ஈயம் பளபளக்கும்வரை சுரண்டினேன். சுரண்டும்போதே எல்லாம் புரிந்தது. ஈரமாக இருக்கும்வரை, முடுக்கிய இடத்தில் ஈயமும் ஈயமும் எங்கோ தொட்டுக்கொண்டிருக்கும், கார் ஓடும். ஒரு வாரத்தில் அமில ஆவி பட்டு அந்தப் பூச்சு இறுகி, நடுவில் சுவராகிவிடும். டைனமோ கொண்டுவந்த சாப்பாடு கதவைத் தாண்டி உள்ளே போகவில்லை. கதவு மூடியிருப்பதைப் பார்த்த ரெகுலேட்டர், உள்ளே எல்லோரும் சாப்பிட்டாகிவிட்டது என்று நினைத்துப் பந்தியை நிறுத்திவிட்டது. அது சொன்னது பொய்யில்லை. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். பேட்டரிக்குள் போக முடியாத மின்சாரம் அழுத்தம் ஏறி பல்பில் பாய்ந்தது. அதனால்தான் பட்டினிக் காரில் பல்பு கருகியது.

பெஞ்சில் இருந்ததையும் சுரண்டி மாற்ற நேரமில்லை. மிஸ்ஸியின் பேட்டரியில் இன்னும் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக உயிர் இருந்தது. தொடர்பு சரியாக இருந்தால் அது போதும். போதுமா? சொல்ல வேண்டியது நான்.

“வழியில நிக்காது மிஸ்ஸி.”

மிஸ்ஸி ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தார். எஞ்சின் முதல் இழுப்பில் எழுந்தது. தவுக்கே அட்டையை ஆட்டுவதை நிறுத்தினார்.

“நான் ஓட்டட்டுமா? உங்க கை…”

“என் காடிய வேற யாரும் ஓட்டறதில்ல. நீ இந்தப் பக்கம் ஏறு. ஸ்டியரிங்குக்கு ஒரு கை போதும். கியரு நீ போடு. அது நின்னா, ஹேண்டிலும் நீதான்.”

லாரி ஓட்டுநர் சைக்கிளை என் கடைச் சுவரில் சாய்த்துவிட்டு, பின் சீட்டில் மிஸ்ஸியின் பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மிஸ்ஸி கிளட்ச்சை மிதித்து “ரெண்டு” என்பார். இடப்பக்கம் உட்கார்ந்திருந்த நான் வலது கையால் கியரைத் தள்ளுவேன். “மூணு.” தள்ளுவேன். நான் தினமும் கார் ஓட்டுகிறவன்தான். ஆனால் வாழ்நாள் முழுக்க இடது கையால் போட்ட கியரை வலது கையால் போடுவது, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு அடுத்தவருக்குச் சவரம் செய்வது போல. ஒவ்வொரு முறையும் கியர் பெட்டி ஏதோ சொல்லிற்று. நல்ல வார்த்தை இல்லை.

“அண்ணே, போய்ச் சேந்துருமா?” என்றார் லாரி ஓட்டுநர் பின்னாலிருந்து.

“பேட்டரியப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க.”

“நான் கேட்டது பேட்டரிய இல்லண்ணே.”

டவுனுக்குள் மெர்டேக்காவுக்காக மூங்கில் வளைவு கட்டிக்கொண்டிருந்தார்கள். சாலை பாதி அடைபட்டிருந்தது. ஒரு கம்பத்தைக் குறுக்கே தூக்கிப் போகும்வரை காத்திருந்தோம். ஆட்கள் விலகினார்கள். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

“ஒண்ணு” என்றார் மிஸ்ஸி.

நான் மூன்றைப் போட்டேன்.

கார் தவளை போல ஒரு எம்பு எம்பி, வளைவுக்கு நேர் கீழே செத்துப்போனது. ஏணி மேல் கொடி கட்டிக்கொண்டிருந்தவர் குனிந்து எங்களைப் பார்த்தார். இப்போது அந்தக் குமிழை இழுக்க வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தவரை நான் பிழைத்திருந்தேன்; நின்ற பிறகுதான் என் வாக்கு செல்லுமா செல்லாதா என்று தெரியும். எனக்கு வேண்டியிருந்தது அந்தச் சோதனைதான். ஆனால் அந்த இடத்தில் இல்லை, அந்த வேளையில் இல்லை. நான்கு முறையும் வேலை முடிந்ததும் நான் சோதித்தது கடைக்குள், எல்லாம் சுத்தமாக இருந்தபோது. அதற்குப் பிறகு என் கை செய்த கடைசிக் காரியத்தை ஒருபோதும் சோதித்ததில்லை.

மிஸ்ஸி என்னைப் பார்க்கவில்லை. குமிழை இழுத்தார். ஒரு முனகல். ஒரே ஒரு முனகல். பிறகு எஞ்சின் எழுந்தது.

“ஒண்ணுன்னா உன் பக்கமா, முன்னால” என்றார்.

உஜோங் பாசிரில் அந்த வீட்டு வாசலுக்குப் போய் நின்றதும், மிஸ்ஸி பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நானும் லாரி ஓட்டுநரும் வெளியே ஒரு படகின் நிழலில் உட்கார்ந்திருந்தோம். நான் பேட்டரியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். இந்தக் குழந்தையும் ஒரு மாதிரி திரும்பித்தான் கிடந்ததாம். உச்சி வெயிலில் உள்ளே ஒரு சின்னக் கூச்சல் கேட்டது. பெண் குழந்தை. லாரி ஓட்டுநர் எழுந்து, உள்ளே போகாமல், முதலில் காரைச் சுற்றி ஒரு தடவை நடந்து வந்தார். ஏன் என்று அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

மிஸ்ஸி வலது கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“காடிய நீயே எடுத்துக்கிட்டுப் போ தம்பி. நான் சாவகாசமா வர்றேன்.”

யாரிடமும் கொடுக்காத சாவி. தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு திரும்பினேன். வளைவு அதற்குள் கட்டி முடித்து, கொடிகளெல்லாம் பறந்துகொண்டிருந்தன. ஒருவகையில் எனக்காகவும் கட்டியது போலிருந்தது.

இனி மற்ற வாடிக்கையாளர்கள். நான் பொட்டு வைத்து அனுப்பிய கார்கள் அந்த ஏழோடு இன்னும் சில இருந்தன. அவை இன்னும் நிற்கவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு வீடாகப் போய், புதுக் கடையின் இலவசப் பரிசோதனை என்று சொல்லிக் கமுக்கமாகச் சுரண்டிவிட்டு வருவதாகத் திட்டம். மறுநாள் காலை கத்தியோடும் சைக்கிளோடும் முதல் வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டுக்காரர் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

“வாங்க சாமி. அபிஷேகத்துக்கா?”

மிஸ்ஸி போகாத வீடு எங்கள் பகுதியில் இல்லை என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. எல்லா வீட்டிலும் இதே வரவேற்பு. மூன்று மாதம் என்னைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. ஆனால் ஒருவர்கூட வேறு கடைக்குப் போகவில்லை. மறைத்திருந்தால் போயிருப்பார்கள் என்று இப்போது நினைக்கிறேன். தன் தப்பைத் தானே சொல்லும் துணிச்சல் எனக்கு இருந்ததாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான். எனக்கு இருந்தது மிஸ்ஸியின் வாய்.

பொட்டு வைப்பதை நான் விடவில்லை. பேட்டரி உட்காரும் தட்டின் பக்கவாட்டில் வைத்தேன். அங்கிருந்தும் சாமிக்குத் தெரிந்தது.

உங்களுக்குச் சொல்ல இருப்பது இவ்வளவே. கழுவுவதற்கு முன்னால் பாருங்கள். மீட்டர் சொல்வதை நம்புங்கள், ஆனால் அது எந்த இடத்தில் நின்றுகொண்டு சொல்கிறது என்று கேளுங்கள். ஒரு கார் இரண்டாம் தடவை திரும்பி வந்தால், காரில் என்ன கெட்டது என்று தேடும் முன், கடைசியாக அதைத் தொட்டது யார் என்று யோசியுங்கள். நாவலில் துப்பறிகிறவனே கொலைகாரனாக இருந்தால், ஏமாற்று வேலை என்று நான் புத்தகத்தை மூடிவிடுவேன். ஒர்க்‌ஷாப்பில் அது வாரம் ஒரு தடவை நடக்கிறது. ஆல்டர்னேட்டர் வந்த பிறகும்தான்.

கடை மூடிய நாளில் ஒரு சிறு விருந்து வைத்தேன். இளைய மெக்கானிக்குகள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். எழுபது தாண்டிய மிஸ்ஸியும் வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து இந்தக் கதையை விவரமாகச் சொன்னேன். மூங்கில் வளைவு, ஒரே ஒரு முனகல், எல்லாம். கடைசியில் அந்தச் சாவிக்கு வந்தேன். யாரிடமும் தராத சாவியை அன்று என்னிடம் தந்தார், என் தொழிலில் எனக்குக் கிடைத்த ஒரே சான்றிதழ் அதுதான், இருபத்து மூன்று வருடம் அதை வைத்துத்தான் கடை நடத்தினேன் என்று சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. கைதட்டினார்கள்.

கைதட்டல் அடங்கியதும் மிஸ்ஸி பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் ஆஸ்பத்திரி வார்டில் பேசிப் பழகிய குரல்.

“திரும்பி வர்றப்பவும் இவன் கியரு போடுவானேன்னு பயந்துக்கிட்டு நான் பெச்சாவுல வந்தேன்.”